எதற்கெடுத்தாலும் இருநூறு

மே 7, புதன்

பிரஷர் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிய கையோடு ஒரு யோசனையும் சொன்னார். கோபம் வந்தால் கத்தாதீர்கள், எழுதி வையுங்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். எழுதுகிறேன். இந்த டைரி போன வருஷம் ஒரு நகைக்கடையில் கொடுத்தது. தேதிகளை அடித்துத் திருத்தித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதுவே ஒரு எரிச்சல்.

முதல் பக்கத்தில் பெயர் எழுதக் கோடு போட்டிருக்கிறார்கள். மீனலோசனி, வயது முப்பத்து நான்கு, புதூர், மதுரை. வேலை என்று ஒரு கோடு. மென்பொருள் சோதனையாளர் என்று எழுதினேன். மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. சம்பளம் வாங்கிக்கொண்டு குற்றம் சொல்கிறவள். சொன்னால் மட்டும் எவருக்கும் பிடிப்பதில்லை.

குடும்ப உறுப்பினர்கள் என்று இன்னொரு கோடு. குறிஞ்சி, வயது நான்கு என்று எழுதினேன். அக்கா மகள். பிறவியிலேயே காது கேட்காது. போன வருஷம் ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைத்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின் மாட்டினால் கேட்கும். ஆனால் கேட்கிற சத்தம் என்ன என்று புரிய வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி வேண்டும். பயிற்சி மையம் மதுரையில் இருக்கிறது. அக்கா அங்கயற்கண்ணி வால்பாறையில் தமிழ் டீச்சர். அத்தான் ஓமனில். அதனால் பிள்ளை என்னிடம். அக்காவுக்கு மதுரைப் பக்கம் மாற்றல் கிடைக்கிறவரைதான்.

மே 9, வெள்ளி

இன்றைக்கு எழுத வேண்டிய கோபம் நிறைய இருக்கிறது.

மருதவனம் கல்வி அறக்கட்டளை என்று ஒன்று. ஏழெட்டு மாவட்டங்களில் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். அக்கா வேலை பார்ப்பதும் அவர்களிடம்தான். அவர்களுடைய ஆசிரியர்கள் மாற்றல் கேட்டு விண்ணப்பம் போடுகிற ஆப்பை எங்கள் கம்பெனி செய்துகொடுத்திருக்கிறது. திங்கட்கிழமை கடைசி நாள்.

இன்றைக்குச் சோதனை சர்வரில் ஒரு வேலை பார்த்தேன். விண்ணப்பங்கள் போய்ச் சேருகிற டேட்டாபேஸை வேண்டுமென்றே நிறுத்தினேன். பிறகு ஆப்பில் ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். போய்ச் சேர இடமில்லை, ஆகவே சர்வர் ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்ல வேண்டும். அதற்கு ஐநூற்று மூன்று என்று ஒரு எண் இருக்கிறது. உலகம் முழுக்க ஒரே எண். என் சர்வர் என்ன சொன்னது தெரியுமா? இருநூறு. ‘நல்லபடியாக முடிந்தது’ என்பதற்கான எண். ஆப்பும் அதை நம்பி பச்சை டிக் போட்டு ‘உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது’ என்றது. எங்கே பெறப்பட்டது? காற்றிலா?

அருள்தாஸ் சாரிடம் போனேன். கம்பெனி அவருடையது, டீமுக்கு லீடும் அவரே.

“சார், டேட்டாபேஸ் செத்துக் கெடக்கு, சர்வர் இருநூறுங்குது.”

“அது கோளாறு இல்லம்மா. நாமளே அப்பிடித்தான் மாத்திருக்கோம்.”

“எதுக்கு சார்?”

“டிரஸ்டுக்கு மாசா மாசம் ரிப்போர்ட் போகுதுல்ல. அதுல ஐநூறு, ஐநூத்தி மூணுன்னு வந்தா அங்க செயலாளரம்மா போனைப் போட்டு வறுத்தெடுக்குது. காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க மாட்டேங்குது. அதான் எது வந்தாலும் இருநூறுன்னு அனுப்பிட்டு, என்ன கோளாறுன்னு உள்ள ஒரு வரி எழுதிருக்கோம்.”

“ஆப் அந்த வரியைப் படிக்காது சார். நம்பரை மட்டுந்தான் பாக்கும்.”

“நெசமா ஓடுற லைவ் சர்வர்ல டேட்டாபேஸ் நிக்காதும்மா. நீ நிறுத்துனா நிக்கும். நிறுத்தாத.”

நன்றாக இருக்கிறது நியாயம். வீட்டில் தீப்பிடித்தால் மணி அடிக்கும் என்று ஒரு மணி கட்டி, அது அடித்தால் தொந்தரவாக இருக்கிறது என்று நாக்கைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது கை வைக்க முடியாது, செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். குறையாக எழுதிப் போட்டேன். சாயங்காலத்துக்குள் ‘குறை அல்ல’ என்று முடித்துவைத்திருந்தார்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து இன்றைக்கே விண்ணப்பத்தைப் போடச் சொன்னேன். திங்கட்கிழமை பௌர்ணமி, நல்ல நாள், அன்றைக்குத்தான் போடுவேன் என்கிறாள். படித்த டீச்சர். இவளிடம் பிள்ளைகள் என்ன படிக்கின்றனவோ.

மே 10, சனி

குறிஞ்சிக்குத் தலைக்குக் குளிப்பாட்டினேன். மெஷினைக் கழற்றி வைத்தால் அவளுக்கு ஒன்றும் கேட்காது, நான் அதட்டுவதும் எட்டாது, கையாலேயே சண்டை போடுகிறாள். ஷாம்பு முழுக்க என் நைட்டியில்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கிய நாள். மதுரைக்கே லீவு. ஆபீசில் ஒரு ஈ காக்கை கிடையாது. குறிஞ்சியைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். கொட்டுச் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் என் முடியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கொட்டுக்குத் தலையை ஆட்டுகிறாள். பக்கத்தில் நின்ற அம்மாள் “உங்க மகளா?” என்று கேட்டாள். கூட்டத்தில் என்னத்தைச் சொல்வது, ஆமாம் என்றேன்.

மத்தியானம் அக்கா பேசினாள். பூஜையெல்லாம் முடித்து, நல்ல நேரம் பார்த்து விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். மேலூர் பள்ளியில் தமிழுக்கு ஒரே ஒரு இடம் காலி. அதைக் கேட்டிருக்கிறாள்.

“பச்சை டிக் வந்துச்சுடி. எங்க ஸ்டாஃப் ரூம்ல முக்கால்வாசிப் பேரு இன்னைக்குத்தான் போட்டோம்.”

நாளைக்கு ஆபீசில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 13, செவ்வாய்

இல்லை. அக்கா பெயர் இல்லை.

நேற்று காலையிலிருந்து சர்வரின் டிஸ்க் நிரம்பி வழிந்து டேட்டாபேஸ் நின்றிருக்கிறது. ஊரே லீவு, ஆனாலும் கோளாறு என்றால் அருள்தாஸ் சார் போனுக்குத் தகவல் போக வேண்டும். போகவில்லை. ஏன் போகும்? எல்லாம்தான் இருநூறாயிற்றே. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சைப் பசேல் என்று இருந்தது. யார் யார் வந்து விண்ணப்பம் போட்டார்கள் என்ற தடத்தையும் சர்வர் அதே டிஸ்கில்தான் எழுத வேண்டும். இடமில்லாததால் அதையும் எழுதவில்லை. கடைசி நாளில், நல்ல நாள் என்று காத்திருந்து போட்ட அத்தனை பேருடைய விண்ணப்பமும் போயே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றாரே, பார்த்தார். டிஸ்கைக் காலி செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மே 15, வியாழன்

அக்கா டிரஸ்ட் ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறாள். நீங்கள் விண்ணப்பமே போடவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். டிக் வந்தது என்றால், போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். பச்சை டிக்கை யாராவது போட்டோ எடுப்பார்களா? அன்றைக்கு சர்வரில் ஒரு பிழைகூட இல்லை என்று கம்பெனி ரிப்போர்ட் கொடுத்திருக்கிறதாம். டீச்சர்களுக்குத்தான் ஆப்பைக் கையாளத் தெரியவில்லையாம்.

அவள் என்னிடம் பாய்ந்தாள்.

“என்னடி கம்பெனி வச்சு நடத்துறீங்க? டிக்குன்னா என்ன அர்த்தம்?”

“அக்கா, நீ கடைக்குப் போய்ப் பருப்புக் கேக்குறேன்னு வை. கடைக்காரன் பருப்பைக் கையில குடுத்தா அது இருநூறு.”

“சரி.”

“அப்பிடி ஒரு பருப்பே இங்க கெடையாதுன்னா நானூத்தி நாலு. இருக்கு, ஆனா ஒனக்குத் தரமாட்டேன்னா நானூத்தி மூணு. நீ யாருன்னே தெரியல, மொதல்ல பேரைச் சொல்லுன்னா நானூத்தி ஒண்ணு. கடையை அடுத்த தெருவுக்கு மாத்தியாச்சு, அங்க போன்னா முந்நூத்தி ஒண்ணு. நாலுல ஆரம்பிச்சா நீ கேட்டதுல தப்பு. அஞ்சுல ஆரம்பிச்சா கடைக்காரன்கிட்டக் கோளாறு. சாக்கு மூட்டை சரிஞ்சு கெடக்கு, இப்ப முடியாது, பெறகு வான்னா ஐநூத்தி மூணு.”

“எனக்கு எது வந்துச்சு?”

“ஒனக்கு வெறும் பையைக் கட்டி இந்தா பருப்புன்னு குடுத்துட்டான்.”

அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

“பெறகு வான்னு சொல்லிருந்தா நான் பெறகு போயிருப்பேனேடி. சாயங்காலம் வரைக்கும் சும்மாதான இருந்தேன்.”

அதுதான். அதை நினைத்தால்தான் ஆறவே இல்லை. முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் வேறு வழி பார்த்திருப்பார்கள். நல்ல பெயர் எடுக்க ஒரு பொய். அந்தப் பொய்யால் இன்னொரு வருஷம் அம்மா ஒரு மலையில், பிள்ளை ஒரு ஊரில்.

மே 19, திங்கள்

பயிற்சி மையத்தில் கேட்கும் திறன் பரிசோதித்தார்கள். சத்தம் கேட்டால் ஒரு மரக்கட்டையை டப்பாவில் போட வேண்டும். அதுதான் விளையாட்டு. குறிஞ்சி டக் டக் என்று போட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயிற்சி கொடுக்கிற ஷமீமா டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“சித்தி, கொஞ்சம் திரும்பி உக்காருங்க. நான் சத்தமே போடல. அவ உங்க முகத்தைப் பாத்துப் போடுறா.”

திரும்பி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பல சத்தங்களுக்குக் கட்டை விழவில்லை.

“கேக்கலைன்னு அவ சொல்றதுதான் எனக்கு வேணும்” என்றார் ஷமீமா டீச்சர். “கேக்காததைக் கேட்டேன்னு போட்டா நான் மெஷினைத் தப்பா வச்சிருவேன். அப்புறம் பிள்ளைக்குத்தான் கஷ்டம்.”

ஆட்டோவில் வரும்போது அழுகையாக வந்தது. நாலு வயசுப் பிள்ளை என் முகம் வாடக்கூடாது என்று பொய்க்குக் கட்டை போடுகிறது. அதற்காவது ஒரு காரணம் இருக்கிறது. அருள்தாஸ் சாருக்கு என்ன கேடு?

மே 22, வியாழன்

அருள்தாஸ் சார் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். ‘செயலியை முழுமையாகப் பரிசோதித்தேன், குறை ஏதும் இல்லை’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். டிரஸ்டில் டீச்சர்கள் கூடி முறையிட்டிருக்கிறார்கள், செயலாளர் அம்மா விளக்கம் கேட்டிருக்கிறார்.

“போடமாட்டேன் சார்.”

“ஒங்க அக்கா பேரு விட்டுப் போச்சுன்னுதான இந்தக் குதி குதிக்கிற?”

“எங்க அக்கா போடுறதுக்கு மூணு நாள் முன்னாடியே குறை எழுதிப் போட்டேன் சார். நீங்கதான் முடிச்சு வச்சீங்க.”

“வேலை வேணுமா வேணாமா?”

“குறை சொல்றதுதான் சார் என் வேலை.”

வெளியே வந்தேன். பக்கத்துக் கடையில் மோர் வாங்கிக் குடித்தேன், ஒரே உப்பு. இந்த ஊரில் மோரைக்கூட ஒழுங்காகப் போட ஆளில்லை.

வரும் வழியில் எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்க்கை எப்போது என்று விசாரித்தேன். காது மெஷின் போட்ட பிள்ளையைச் சேர்ப்பார்களா என்றும் கேட்டேன். தாராளமாக என்றார்கள். சும்மாதான் கேட்டேன்.

மே 26, திங்கள்

டிரஸ்ட் ஆபீசுக்குப் போனோம். அருள்தாஸ் சார் என்னைக் கூட்டிப்போக விரும்பவில்லை. செயலாளர் திலகவதி அம்மா, சோதனை செய்தவர் நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வழி நெடுக, கேட்டால் மட்டும் பேசு, கேட்டால் மட்டும் பேசு என்று காரில் ஓதிக்கொண்டே வந்தார்.

திலகவதி அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முன்னாள் தலைமையாசிரியை. மேஜையில் எங்கள் ரிப்போர்ட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாப் பக்கமும் பச்சை.

“நூத்துக்கு நூறு மேடம். ஒரு எரர் கெடையாது” என்றார் அருள்தாஸ் சார்.

“அப்ப எங்க டீச்சர்ஸ் இத்தனை பேரும் பொய் சொல்றாங்களா?”

“பொய்னு சொல்லல மேடம். பழக்கமில்ல...”

அம்மா என்னைப் பார்த்தார். “சோதிச்சேங்கிற காகிதத்துல நீங்க கையெழுத்துப் போடலையாமே. ஏன்?”

கேட்டுவிட்டார். இனிப் பேசலாம்.

“மேடம், உங்க போன்ல சோதனை ஆப்பைப் போட்டுத் தரேன். நீங்களே உங்க பேருல ஒரு மாற்றல் கேளுங்க” என்றேன்.

என் மடிக்கணினியில் சோதனை சர்வரின் டேட்டாபேஸை அவர் கண் முன்னாலேயே நிறுத்தினேன். பெட்டி மூடியாச்சு மேடம், இனி எதைப் போட்டாலும் உள்ளே விழாது என்று சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகத் தட்டினார். திலகவதி, கொடைக்கானல் கிளைக்கு மாற்றல். அனுப்பினார். பச்சை டிக் வந்தது. ‘உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.’

டேட்டாபேஸை மறுபடி ஓடவிட்டு, வந்த விண்ணப்பங்களைத் திரையில் காட்டினேன். அம்மா தன் பெயரைத் தேடினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இல்லை.

“அப்ப இந்த டிக்?”

“எது நடந்தாலும் வரும் மேடம். நடக்கலைன்னாலும் வரும்.”

அருள்தாஸ் சார் சும்மா இருக்கவில்லை. “மேடம், இவங்க அக்காவே உங்க வால்பாறை ஸ்கூல்ல டீச்சர். அதான் இவ்வளவு அக்கறை.”

“நெசமா?” என்றார் அம்மா.

“ஆமா மேடம். அவ பேரும் போச்சு. அவ பேரை மட்டும் சேருங்கன்னு நான் கேக்க வரல. கேட்டா நீங்க செய்யவும் கூடாது. அன்னைக்குப் போட்ட எல்லாருக்கும் மறுபடி ஒரு வாய்ப்பு குடுங்க.”

திலகவதி அம்மாவுக்குக் கோபம் வந்தது. என் மேலோ அருள்தாஸ் சார் மேலோ என்று தெரியவில்லை, ரிப்போர்ட் கட்டை எடுத்து மேஜை ஓரமாகத் தள்ளினார்.

“செவப்பு வந்தப்பல்லாம் நான் திட்டுனேன், வாஸ்தவம். அதுக்குச் செவப்பே வராம பண்ணிட்டீங்களா? பிள்ளைங்க ஃபெயில்னு சொன்னா அடிப்பாங்கன்னு மார்க்கைத் திருத்துற மாதிரில்ல இருக்கு. மாசா மாசம் பச்சையைப் பாத்து நானும் சந்தோஷமா கையெழுத்துப் போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

யோசித்துச் சொல்வதாக எங்களை அனுப்பினார். திரும்பும்போது அருள்தாஸ் சார் காரில் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வந்தேன். உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் ஓரம்.

மே 28, புதன்

அருள்தாஸ் சார் என்னோடு பேசுவதில்லை. வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. எடுத்தால் டிரஸ்ட் கேட்கும் என்ற பயம். நல்லது, இரண்டு பேருக்கும் நிம்மதி.

மே 30, வெள்ளி

சர்வரைச் சரிசெய்தாயிற்று. கோளாறு என்றால் இனிமேல் கோளாறு என்று சொல்லும். நாள் முழுக்க உட்கார்ந்து சோதித்தேன். டேட்டாபேஸை நிறுத்தினால் ஐநூற்று மூன்று. ஆப்பில் சிவப்பு எழுத்தில் ‘சேரவில்லை, சிறிது நேரம் கழித்து மீண்டும் அனுப்புங்கள்’. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பார்கள்.

குறிஞ்சி இன்றைக்கு “ச்சி” என்றாள். சித்தியில் பாதி. அடுப்படியில் இருந்தவள் கரண்டியோடு ஓடிவந்தேன். தோசை கருகிப்போனது.

மே 31, சனி

குறிஞ்சிக்கு ஒரு ஸ்கூல் பேக் வாங்கினேன். தள்ளுபடியில் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் எந்த ஊரில் சேர்ந்தாலும் பை வேண்டும்தானே.

ஜூன் 2, திங்கள்

டிரஸ்டில் அறிவித்துவிட்டார்கள். இன்றைக்கும் நாளைக்கும் மறுபடி விண்ணப்பிக்கலாம். எனக்குத் தண்டனை, உதவி எண்ணில் போன் எடுக்கிற வேலை. காலையிலிருந்து காது புளித்துவிட்டது. தேனியிலிருந்து ஒரு பி.டி. வாத்தியார் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

“போன தடவை அழகா பச்சை டிக் வந்துச்சு. இப்பச் செவப்பா வருது. என்னத்தைக் கெடுத்து வச்சிருக்கீங்க?”

“சார், ஒரே நேரத்துல எல்லாரும் அனுப்புறீங்க. கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்புங்க.”

“போன தடவை ஒரே அமுக்குல போச்சே.”

“போகல சார். போச்சுன்னு சொல்லுச்சு. இப்பப் போகலைங்கிறதைப் போகலைன்னே சொல்லுது. பச்சை வர்ற வரைக்கும் விடாதீங்க.”

மத்தியானம் அவரே கூப்பிட்டார். மூன்றாவது தடவையில் சேர்ந்துவிட்டதாம். “மொதல்லயே இப்பிடி வச்சிருக்கலாம்ல” என்று அதற்கும் ஒரு திட்டு.

வீட்டுக்கு வந்து குறிஞ்சிக்குத் தலை சீவி, மெஷினுக்கு பேட்டரி மாற்றி, கேழ்வரகு அடை ஊட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வீடியோ காலில் வந்தாள். பிள்ளையைக் கொஞ்சிவிட்டு என்னிடம் கேட்டாள்.

“ஏதாச்சும் விசேஷமாடி?”

“ஒண்ணுமில்லக்கா. எல்லாம் நல்லாருக்கு.”

பிள்ளை வாயில் அடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நடுவில் மறு விண்ணப்பக் கதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? நாள் பூராவும் போனில் பேசிய தொண்டை வேறு. நாளைக்கும் ஒரு நாள் இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அதைத் துடைத்ததில் நேரம் போய்விட்டது. பதினோரு மணிக்குச் சொல்லலாம் என்றால் போன் ஓயவில்லை. மத்தியானம் ஆபீஸ் மாடிப்படியில் நின்று அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மறுபடி திறந்திருக்கிறார்கள், இன்றைக்குச் சாயங்காலம் வரைதான், சிவப்பு வந்தால் மறுபடி போடு என்றேன்.

ஆர்ப்பாட்டம் செய்வாள், அழுவாள் என்று நினைத்தேன். “சரிடி” என்றாள். அவ்வளவுதான். இவளுக்காக நான் வேலையையே பணயம் வைத்திருக்கிறேன், ஒரு சரிடியா?

ஜூன் 9, திங்கள்

அக்காவுக்கு மேலூர் கிடைத்துவிட்டது. சீனியாரிட்டியில் அவள்தான் முதலாம். யாரும் வாய் பேச முடியாது.

நல்ல செய்தி. ரொம்ப நல்ல செய்தி.

ஜூன் 12, வியாழன்

மேலூரில் வீடு பார்த்துவிட்டாளாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடி, தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறதாம். சனிக்கிழமை வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிறாள். பயிற்சிக்கு அங்கிருந்தே பஸ்ஸில் அழைத்து வந்துவிடுவாள். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள், ரொம்பக் கெட்டிக்காரி. மாடி வீட்டுக்குக் கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா என்று பார்த்தாளா என்று கேட்டால் முழிக்கிறாள். நான் கேட்காவிட்டால் யார் கேட்பது?

ஜூன் 14, சனி

அக்கா காலையில் வந்தாள். குறிஞ்சி ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ளத்தானே வேண்டும், பெற்றவள்.

உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தோம். அக்கா மடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கசங்க மடிக்கிறாள். பிடுங்கி நானே மடித்தேன். பேட்டரி டப்பா எங்கே வைக்க வேண்டும், மெஷினைக் குளிக்கும்போது எப்படிக் கழற்ற வேண்டும், தோசை என்றால் ஓரம் முறுகக்கூடாது, தூங்கும்போது இடது கையை யாராவது பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பெற்றவளுக்குப் பாடம் எடுக்கிறேன். அவளும் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“புதுப் பை யாரு வாங்குனது?” என்றாள்.

“தள்ளுபடியில போட்டிருந்தான்.”

“தெருமுனை ஸ்கூல்ல இருந்து உனக்குப் போன் வந்துச்சு. நீ குளிச்சுட்டு இருந்தப்ப நான்தான் எடுத்தேன். எல்.கே.ஜி.ல ஒரு சீட்டு எடுத்து வச்சிருக்காங்களாம்.”

நான் கவுனின் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தேன். சின்னப் பட்டன், ஓட்டைக்குள் போக மாட்டேன் என்றது.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மறுபடி விண்ணப்பம் திறந்தது எனக்குத் திங்கக்கிழமை காலையிலேயே ஸ்டாஃப் குரூப்புல வந்துருச்சுடி. ரெண்டு தடவை செவப்பு வந்து, மூணாவது தடவை பச்சை வந்துச்சு. போட்டு முடிச்சுட்டு நீ கூப்புடுவேன்னு உக்காந்திருந்தேன். உன் ஆப்பு, நீ போராடித் தெறந்தது. மொத போன் உன்கிட்ட இருந்துதான் வரும்னு நெனச்சேன்.”

நான் பட்டனையே திருகிக்கொண்டிருந்தேன்.

“வரல. சாயங்காலம் வீடியோவுல நானாவே கேட்டேன், ஏதாச்சும் விசேஷமான்னு. நீ என்ன சொன்ன?”

எனக்குத் தெரியும் என்ன சொன்னேன் என்று. இந்த டைரியிலேயே இருக்கிறது. அருள்தாஸ் சாரை ஒரு மாதமாகத் திட்டித் திட்டி எழுதியிருக்கிற இதே டைரியில். பால் பொங்கியது, போன் ஓயவில்லை, தொண்டை வலித்தது என்று என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

“திட்டுறதுக்குக் கேக்கல” என்றாள் அக்கா. “ஒரு வருஷமா எம் பிள்ளைக்கு நீதான் அம்மா. அது எனக்குத் தெரியாதா? அன்னைக்கும் நீ சொன்னதை நம்பிட்டு விட்டுட்டேன். இப்ப மறுபடி கேக்குறேன். நல்லாருக்கியாடி?”

குறிஞ்சி புதுப் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லக்கா” என்றேன்.

அக்கா எழுந்தாள். கட்டி வைத்த பையைத் திறந்து, “பயிற்சி நாளுக்கு இருக்கட்டும்” என்றபடி இரண்டு கவுனை எடுத்துக்கொண்டு போய் மறுபடி என் அலமாரியில் வைத்தாள்.